ஒரே வீட்டில் வளர்ந்தால் ஒரே வளர்ப்பா?

ஓசூர் வாசகர், பிப்ரவரி 4, இரவு 9.40

நானும் எங்க அண்ணனும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. ஒரே ஓட்டு வீடு, ஒரே களி, ஒரே அடி. நான் பாலிடெக்னிக் முடிச்சு சிப்காட்ல வேலைக்கு வந்துட்டேன். கடன் இல்லாம குடும்பம் நடத்துறேன். அவர் இருபது வயசுல குடிக்க ஆரம்பிச்சார், இன்னிக்கு வரைக்கும் நிறுத்தல. வளர்ப்புதான் மனுசனை ஆக்குதுன்னா ரெண்டு பேரும் ஒரே மாதிரி இல்ல இருக்கணும்? குடும்பம், பின்னணி எல்லாம் சும்மா சாக்கு. அவனவன் புத்திதான். மறுக்க முடிஞ்சா மறுங்க.

ஆசிரியை பதில், பிப்ரவரி 4, இரவு 11.15

உங்களுக்கும் அண்ணனுக்கும் எத்தனை வயசு வித்தியாசம்? அதை முதலில் சொல்லுங்க.

பிப்ரவரி 5, இரவு 8.50

ஏழு வருசம் என்று பதில் போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் இருவரும் வளர்ந்தது ஒரே வீட்டில் இல்லை. சுவரும் ஓடும் வேண்டுமானால் ஒன்றாக இருந்திருக்கலாம்.

எங்கள் வீட்டைச் சொல்கிறேன். பென்னாகரம் பக்கம், வானம் பார்த்த பூமி. அக்கா, நான், தம்பி என மூன்று பேர். அக்கா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் அப்பா பெங்களூரில் கட்டட வேலை. பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும்தான் ஊருக்கு வருவார். அம்மா விடியும் முன்பே களை எடுக்கப் போய்விடுவார். நான் பிறந்ததும் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தது அக்காதான். எனக்குத் தலை சீவியது, களியை உருட்டி வாயில் வைத்தது, ஒண்ணாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தது எல்லாம் அவள். எட்டாவதோடு அவள் படிப்பு நின்றது.

எனக்கு ஒரு அக்கா இருந்தாள். அக்காவுக்கு அக்கா இல்லை. நான் டீச்சர் ஆனதற்கும் அவள் ஆகாததற்கும் நடுவில் இருப்பது புத்தி வித்தியாசம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கணக்கில் அவள் என்னைவிடக் கெட்டி. சந்தையில் பத்துப் பேர் கணக்கை வாயாலேயே போட்டுத் தீர்ப்பாள்.

தம்பி பிறக்கிற சமயத்தில் அப்பாவுக்கு ஒகேனக்கல்லில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் வேலை கிடைத்தது. குடும்பமே அங்கே போனோம். ராத்திரியானால் அப்பா வீட்டுக்கு வருவார், தம்பியைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார். தம்பிக்குக் கிடைத்த அந்த மனிதரை அக்காவுக்குத் தெரியாது. இன்றும் அப்பா பேச்சு வந்தால் தம்பி உருகுவான், அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். இரண்டு பேர் சொல்வதும் நிஜம்தான்.

அதனால் ஓசூர் நண்பரே, உங்கள் அண்ணனுக்குப் பத்து வயதில் அப்பா என்ன வேலையில் இருந்தார், வீட்டில் எவ்வளவு கடன், யார் உயிரோடு இருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதே கேள்விகளை உங்கள் பத்து வயதுக்கும் கேளுங்கள்.

பிப்ரவரி 6, காலை 6.20

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. பல்.

எனக்கும் அக்காவுக்கும் முன்பல்லில் கறை உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது தர அளவு. எங்கள் பக்கத்துத் தண்ணீர் எத்தனையோ ஊர்களில் அதைத் தாண்டியது. இந்தக் கறை எந்த வயதிலும் வருவதில்லை. ஈறுக்குள் நிரந்தரப் பல்லின் எனாமல் உருவாகிக்கொண்டிருக்கும் முதல் எட்டு வருசத்துக்குள் குடித்த தண்ணீர்தான் அதைத் தீர்மானிக்கிறது. முப்பது வயதில் இந்த ஊருக்கு மாற்றலாகி வருகிறவர் எத்தனை வருசம் இதே தண்ணீரைக் குடித்தாலும் பல்லில் இந்தக் கறை வராது. எலும்புக்குக் கெடுதல் வரலாம், அது வேறு. நாங்கள் ஊரைவிட்டுப் போவதற்குள் என் பல்லின் காலம் முடிந்துவிட்டது. தம்பி காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன், அவன் பல் வெள்ளை. ஒரே அப்பா அம்மாதான்.

அக்கா சிரித்தால் முந்தானை வாய்க்கு வந்துவிடும். பெண் பார்க்க வந்தவர்கள் "அடக்கமான பொண்ணு, பல்லைக் காட்டாது" என்று மெச்சிக்கொண்டு போனார்கள். கல்யாணமாகி இத்தனை வருசத்துக்குப் பிறகும் புகுந்த வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்தான். வீட்டுக்குள் நாங்கள் மட்டும் இருக்கும்போது அவள் போடுகிற சத்தத்தைக் கேட்டால் ஓடு பிய்ந்துவிடும்! ஊர் அவளுடைய சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி, போர் தண்ணீர் செய்த வேலை.

பிப்ரவரி 6, இரவு 10.05

காவேரிப்பட்டினத்து அன்பர் "சுரை ஒன்று போட்டால் அவரை ஒன்று முளைக்குமா" என்று கேட்டிருக்கிறார். நம் மாவட்டங்களில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? சந்தூர் பக்கத்து நர்சரிக்காரர்களைக் கேளுங்கள். மல்கோவா கொட்டையை நட்டால் தாயைப் போலவே பழம் வரும் என்று எவரும் உறுதி தர மாட்டார். அதனால்தான் எல்லாரும் ஒட்டுக்கன்று வாங்குகிறார்கள். மாமரத்திலேயே இப்படி என்றால், பிள்ளை விஷயத்தில் இந்தப் பழமொழியை எவ்வளவு தூரம் நம்புவது?

பிப்ரவரி 8, மதியம் 1.30

பாலக்கோட்டு நண்பர் உயிரியல் படித்தவர். மரபணுவை நான் ஒதுக்குகிறேன் என்று குறைப்பட்டிருக்கிறார். ஒதுக்கவில்லை. ஐம்பது வருச இரட்டையர் ஆய்வுகளை எல்லாம் சேர்த்து 2015இல் ஒரு பெரிய தொகுப்பு வந்தது. ஏறக்குறைய 1.45 கோடி இரட்டையர் ஜோடிகள். எல்லாப் பண்புகளையும் சராசரியாகப் பார்த்தால் ஆட்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டில் 49 சதவீதம் மரபு வழி. பாதி என்றே வைத்துக்கொள்வோம்.

மீதிப் பாதிதான் எனக்கு முக்கியம். ஆராய்ச்சிக்காரர்கள் அதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். உடன்பிறந்தவர்களை ஒரே மாதிரி ஆக்கும் சூழல் ஒன்று, வேறு வேறாக ஆக்கும் சூழல் இன்னொன்று. வளர்ந்த பிறகு குணத்தை அளந்தால் இரண்டாவதுதான் பெரிதாக வருகிறது. இதை வைத்துப் பலர் "பார்த்தாயா, வீட்டுக்குப் பங்கே இல்லை" என்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஒரே வீடு ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறாக வேலை செய்தாலும், கணக்கில் அது அந்த இரண்டாவது பையில்தான் போய் விழும். அந்தப் பையில் அளவுப் பிழையும் அதிர்ஷ்டமும் சேர்ந்தே கிடக்கின்றன என்பது உண்மை. எங்கள் மூன்று பேரின் கதையும் அங்கேதான் கிடக்கிறது.

பிப்ரவரி 8, இரவு 9.00

"நல்ல குடும்பத்துப் பிள்ளைங்க படிக்கும், மத்தது ரத்தத்துல வரணும்" என்று ஒருவர் எழுதி, கீழே பலர் கைதட்டியிருக்கிறீர்கள். இதை விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது.

நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. நம் பக்கத்தில் "நல்ல குடும்பம்" என்றால் என்ன கேட்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். எந்தத் தெரு, எந்த ஆள் என்று கேட்க வாய் கூசுகிறவர்கள் குடும்பம் எப்படி என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி வகுப்பறைக்குள்ளும் வருகிறது. முதல் பரீட்சைக்கு முன்பே இந்தப் பிள்ளை தேறாது என்று முடிவு கட்டிவிடுகிற பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எரிக் டர்க்ஹைமர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2003இல் ஏழு வயது இரட்டையர்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். வசதியான வீடுகளில் பிள்ளைகளின் அறிவுத்திறன் வேறுபாட்டில் பெரும்பகுதி மரபணுவால் விளங்கியது. ஏழை வீடுகளில் அது கிட்டத்தட்டப் பூஜ்யம். அங்கே ஏறக்குறைய 60 சதவீதம் வீட்டுச் சூழல். அதாவது பசியிலும் நெருக்கடியிலும் இருக்கிற பிள்ளைக்குள் என்ன இருக்கிறது என்பது வெளியே வரவே வழியில்லை. அதன் மதிப்பெண்ணைப் பார்த்து ரத்தத்தைச் சொல்கிறவருக்கு எதுவும் தெரியாது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி. இங்கே ரத்தம் கெட்டுப்போய்விட்டதா? மழை பொய்த்தது, பள்ளிக்கூடம் தூரம், ஆள் பெங்களூரில்.

பிப்ரவரி 9, காலை 7.10

பாலக்கோட்டு நண்பர் நல்ல சேர்க்கை ஒன்று தந்திருக்கிறார். 2016இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, டர்க்ஹைமர் சொன்ன வேறுபாடு அமெரிக்காவில் தெரிந்ததாம். மேற்கு ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தெரியவில்லையாம். அங்கே பள்ளியும் மருத்துவமும் ஏழைக்கும் ஓரளவு ஒழுங்காகக் கிடைப்பது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

எனக்கு இது இன்னும் பிடித்திருக்கிறது. அரசாங்கம் தாங்கிப் பிடித்தால் ஏழை வீட்டின் இறுக்கம் தளரும் என்றுதானே அர்த்தம்? 1982இல் சத்துணவு கிராமங்களுக்கு வந்தது. அக்கா எட்டாவது வரைக்கும் போனதற்கே அந்தத் தட்டுதான் காரணம் என்று அம்மா சொல்வார். இப்போது என் பள்ளியில் காலை உணவும் உண்டு. திங்கட்கிழமை முதல் பாடவேளையில் பிள்ளைகள் முகமே வேறு.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையும் இதோடு வைத்துப் பார்க்கிறேன். 2008இல் அடிக்கல், ஜப்பான் கடன், 2013இல் தண்ணீர் வந்தது. அக்கா மகள்கள் இரண்டு பேர். பெரியவள் பல்லில் கறை, அதன் பிறகு பிறந்த சின்னவள் பல் சுத்தம். சின்னவள் வாயைத் திறந்துகொண்டுதான் சிரிக்கிறாள். அவளை யாரும் அடக்கமான பெண் என்று சொல்லப் போவதில்லை!

பிப்ரவரி 11, இரவு 10.30

"மூத்தது பொறுப்பு, கடைசி செல்லம்" என்கிற வாதம் நீண்டுகொண்டே போகிறது. 2015இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்று நாட்டிலும் சேர்த்து 20,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். பிறந்த வரிசையால் குணம் மாறுவதாகத் தெரியவில்லை. அறிவுத்திறன் சோதனையில் மட்டும் அடுத்தடுத்துப் பிறந்தவர்களுக்குச் சின்ன இறக்கம். ஆகவே மூத்தவர் என்பதாலேயே பொறுப்பு வந்துவிடாது. அக்காவைப் பொறுப்பானவள் ஆக்கியது அவள் இடுப்பில் இருந்த நான்.

இந்தியாவில் வரிசை வேறொன்றைச் செய்கிறது. சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியக் குழந்தைகள் ஏன் குட்டை என்று கேட்டது. ஆப்பிரிக்கக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் இங்கே முதல் பிள்ளைக்கு உயரத்தில் குறையில்லை. இரண்டாவதிலிருந்து சரிகிறது, அடுத்தடுத்து இன்னும் சரிகிறது. மூத்த மகனுக்குத் தருகிற முதலிடம் இதற்குப் பெரிய காரணம் என்று காட்டினார்கள். முட்டை யார் தட்டுக்குப் போனது என்பது எலும்பில் எழுதியிருக்கிறது.

பெண் பிள்ளைக்குத் தட்டுக்கு முன்பே ஒரு கதவு இருந்தது. 2001 கணக்கெடுப்பில் தருமபுரியில் ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் இங்கேயும் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டில் மூத்ததும் பெண், இரண்டாவதும் பெண். நான் பிறந்து மூன்று நாள் ஆயா, அதாவது பாட்டி, வீட்டுப் பக்கம் வரவில்லையாம். அம்மா என்னைப் பிடித்து வைத்துக்கொண்டார். "குடும்பப் பின்னணி" பற்றிப் பேசும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான். இதை எழுதலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 12, காலை 5.50

திருக்குறள் 452ஐ ஒருவர் போட்டிருக்கிறார்: "நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும் மாந்தர்க்கு இனத்தியல்ப தாகும் அறிவு." நிலத்தால் நீர் மாறும் என்பது நம் ஊரில் டம்ளரில் பார்க்கிற சங்கதி. வள்ளுவர் அங்கே சொல்வது அப்பா அம்மாவை இல்லை, கூடப் பழகுகிறவர்களை. எட்டாம் வகுப்புப் பையன்களைப் பார்த்தால் அது புரியும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளை கூட்டாளிகளோடு சேர்ந்து ஆறே மாதத்தில் சுத்தமான தருமபுரித் தமிழில் சண்டை போடுகிறது. பேச்சு, துணி, முடிவெட்டு எல்லாம் கூட்டாளி வழிதான். ஆனால் எந்தக் கூட்டாளி கிடைப்பான் என்பதை எந்தத் தெருவில் குடியிருக்கிறோம் என்பது முடிவு செய்கிறது. தெருவை வீடு முடிவு செய்கிறது.

பிப்ரவரி 13, இரவு 11.40

ஓசூர் நண்பரின் நீண்ட பதிவை எல்லாரும் படித்திருப்பீர்கள். அண்ணன் ஒன்பதாவது படிக்கும்போது போர் வற்றிப்போய், மாட்டை விற்று, அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தி ஒரு மேஸ்திரியோடு பெங்களூருக்கு அனுப்பினார்கள். ஷெட்டில் பெரியவர்களோடு படுக்கை. குடி அங்கே பழகியது. அவர் அனுப்பிய பணம் வீட்டுக் கடனுக்கும், பிறகு தம்பியின் பாலிடெக்னிக் ஃபீஸுக்கும் போனது. இவ்வளவையும் எழுதிவிட்டு, "ஆனாலும் அவர் நிறுத்தியிருக்கலாம், எங்க அண்ணிக்கு அவர் செஞ்சதை நான் மன்னிக்க மாட்டேன்" என்று முடித்திருக்கிறார்.

மன்னிக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அண்ணி பட்டது பட்டதுதான். காரணத்தைத் தெரிந்துகொள்வது வேறு, செய்ததைச் சரி என்பது வேறு. அதே மாதிரி ஷெட்டில் வளர்ந்து குடியைத் தொடாத ஆட்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். என் சித்தப்பா மகன் ஒருவர் குடித்து, விட்டு, இன்றைக்கு ராயக்கோட்டையில் தக்காளி மண்டியில் நிற்கிறார்.

ஹவாயில் காவாய் என்று ஒரு தீவு. 1955இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் குழுவோடு சேர்ந்து பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார். வறுமை, சண்டை, குடி, மனநோய் எனப் பல இடர் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் நல்லபடியாக, நம்பத் தகுந்த ஆளாக வளர்ந்தார். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தெரிந்தவற்றில் ஒன்று: சின்ன வயதில் மாறாமல் அக்கறை காட்டிய ஒரு ஆளாவது இருந்தார். பெற்றவராகவே இருக்க வேண்டியதில்லை. பாட்டி, அக்கா, டீச்சர் யாராவது.

மீதி மூன்றில் இரண்டு பேரை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. தப்பித்தவரைக் காட்டி, தப்பிக்காதவரைத் திட்டுவது சுலபமாக இருக்கிறது. உங்கள் அண்ணனுக்கு அந்த ஷெட்டில் யார் இருந்தார்கள் என்று அவரிடம் என்றைக்காவது கேட்டீர்களா?

பிப்ரவரி 14, காலை 6.00

நேற்றையதோடு ஒன்று. ஓசூர் நண்பரே, அண்ணன் குடியை நிறுத்த எங்கே போவது என்று நீங்கள் கேட்டிருப்பதால் சொல்கிறேன்: தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. குடியை நிறுத்தவும் அங்கே கேட்கலாம். பல வருசம் குடித்தவர் திடீரென்று தானாக நிறுத்தினால் வலிப்பு, குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

பிப்ரவரி 16, மாலை 5.15

அரூர் பக்கத்துத் தங்கச்சி கேட்டது எல்லாவற்றையும்விட அவசரமான கேள்வி. புருசனும் பெண்டாட்டியும் பெங்களூரில் கட்டட வேலை. இரண்டு வயதுப் பையன் ஊரில் ஆயாவிடம். "ரொமேனியா ஆராய்ச்சின்னு வீடியோல பார்த்தேன், ரெண்டு வயசுக்குள்ள அம்மா இல்லைன்னா மூளையே வளராதாம், எனக்குப் பயமா இருக்கு டீச்சர்."

பயப்படாதம்மா. அந்த ஆய்வு புக்கரெஸ்ட் நகரத்து அனாதை விடுதிகளில் நடந்தது. 2000த்தில் 136 பிள்ளைகளோடு தொடங்கினார்கள். அங்கே ஒரு ஆயம்மா ஏகப்பட்ட குழந்தைகளைப் பார்த்தார், ஷிஃப்ட் மாறினால் முகமும் மாறும். தூக்குவாரும் பேசுவாரும் இல்லை. அதுதான் பிள்ளைகளை முடக்கியது. அதிலிருந்து எடுத்து வளர்ப்பு வீடுகளில் விட்ட பிள்ளைகள் தேறினார்கள், சீக்கிரம் போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். உன் பையனுக்கு ஒரே ஆயா, ஒரே மடி. அது அனாதை விடுதி இல்லை.

நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. பண்டிகைக்குப் பண்டிகை வந்து தூக்கிக்கொண்டு போவதும் திரும்பக் கொண்டுவந்து விடுவதுமாக இருந்தால் பிள்ளை யாரையும் நம்பாது. ஆயாவுக்கு வயது என்ன, இன்னும் எத்தனை வருசம் அவரால் ஓட முடியும் என்று பார்த்துக்கொள். அங்கன்வாடியில் பெயர் சேர்த்துவிடு, எடை போட்ட அட்டையை ஃபோனில் படம் பிடித்து அனுப்பச் சொல். ராத்திரி பேசும்போது "சாப்ட்டியா" என்று மட்டும் கேட்டுவிட்டு வைக்காதே. இன்றைக்கு எந்த ஆட்டுக்குட்டியோடு விளையாடினான், ஆயா என்ன கதை சொன்னார் என்று கேள். போகும்போது அவன் தூங்குகிற நேரம் பார்த்துப் போகாதே. அழுதாலும் சொல்லிவிட்டுப் போ.

அவன் பள்ளிக்குப் போகிற வயதில் கூட்டிப்போவதா, இங்கேயே விடுவதா என்று கேட்டிருக்கிறாய். நீங்கள் இருக்கிற ஷெட் எந்தப் பக்கம், நடந்து போகிற தூரத்தில் பள்ளி இருக்கிறதா, அங்கே தமிழா கன்னடமா என்று எழுது. சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.